ஒன்பது மணிக்கு அணைய வேண்டிய விளக்குகள்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் ஜன்னலை அடைத்துவிட்டு, அறுநூறு வாட் விளக்குகள் நான்கை எரியவிட்டு இலை வளர்த்த குடும்பம் எங்களுடையது. குடவாசல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

யோசனை என் கணவருடையது. பதின்மூன்று வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். கடைசி ஐந்து வருஷமும் மணல்வெளிக்கு நடுவே ஒரு பெரிய கொட்டகைக்குள் வேலை. அங்கே மண்ணும் கிடையாது, வெயிலும் கிடையாது. தண்ணீர் ஓடும் தட்டுகளில் லெட்டூஸ் என்கிற இலையை விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பார்கள். பொங்கல் முடிந்த கையோடு லீவில் வந்தவர், மூன்றாம் நாள் மாடி அறையைத் திறந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். வெள்ளையடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இங்கயே போட்டுடலாம்னு இருக்கேன்," என்றார்.

"எதை?"

"லெட்டூஸை. தஞ்சாவூர் ஓட்டல்லயும் தரங்கம்பாடி பக்கத்து ரிசார்ட்லயும் அதை வெளியூர்லேர்ந்துதான் வரவழைக்கிறாங்க. வந்து சேர்றதுக்குள்ள பாதி அழுகிப்போவுது."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அந்த நாட்டை விட்டு வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாது. அவர் கணக்கில் அந்தக் கடைசி நாள் ஆடி ஒன்று. அதற்குள் ஒரு முழு அறுவடை எடுத்து, வாரா வாரம் வாங்கிக்கொள்ள ஒரு ஓட்டலும் ஒத்துக்கொண்டால் இங்கேயே இருந்துவிடுவார். இல்லாவிட்டால் விமானம் ஏறிவிடுவார்.

அவர் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் அப்பாவைப் போன் திரையில் பார்த்தே வளர்ந்தவள். போனில் அவ்வளவு கதை பேசுவாள், அவர் நேரில் வந்து நின்றால் இரண்டு நாளைக்கு என் பின்னால் ஒளிவாள். எனக்கும் போன் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதனால் அந்த இலை முளைத்தே தீர வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இன்னொருவர் என் மாமனார். மூன்று ஏக்கர் நெல் வயல், ஒரு போர் மோட்டார், தினமும் கிழிக்க ஒரு நாள்காட்டி, இவை போதும் அவருக்கு. பேச்சு ரொம்பக் குறைவு. மகன் திட்டத்தைச் சொல்லி முடித்ததும், போன் படத்தில் இருந்த லெட்டூஸை உற்றுப் பார்த்துவிட்டு, "இதை ஆடு திங்குமா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

லெட்டூஸுக்கு நம் ஊர் வெக்கை ஆகாது. அறைக்கு ஏசி வேண்டும், ஏசி போட்டால் ஜன்னலை மூட வேண்டும், மூடினால் வெளிச்சம் வேண்டும். அதற்காக, அங்கே யாரோ மூடிவிட்டுப் போன பண்ணையிலிருந்து நான்கு சோடியம் விளக்குகளை லக்கேஜில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் செங்கல் கனத்தில் ஒரு சோக். பகலில் எரித்தால் ஏசி திணறும் என்பதால் சாயந்தரம் ஐந்து மணிக்குப் போட்டு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அணைப்பது என்று ஏற்பாடு. பகல் நேரம்தான் அந்தச் செடிகளுக்கு ராத்திரி. ஏசிக்குத் தனி டைமர், அதுவும் விளக்கோடு சேர்ந்து ஒன்பது மணிக்கு நின்றுவிடும். விதை போட்ட நாளிலிருந்து நாற்பதாம் நாள் அறுவடை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் தஞ்சாவூரில் பேனல் போர்டு செய்யும் பட்டறையில் மோட்டார் ஸ்டார்ட்டர்களுக்கு வயரிங் செய்திருக்கிறேன். கல்யாணமான பிறகு இந்த வீட்டில் ஒரு பியூஸ் போடக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் தெருக்கோடி வயர்மேன்தான் வருவார். அவர் வேலையில் குறை சொன்னால், "பரவால்லண்ணி, ஓடும்" என்பார். ஓடத்தான் ஓடும். எதுவரைக்கும் என்பதுதான் என் கேள்வி.

விளக்குகளுக்கும் அவரே வந்தார். நான்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சேர்த்து, அதைப் பிளக்கில் செருகும் ஒரு சின்ன டைமரில் மாட்டினார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த டைமர் தாங்காதுங்க," என்றேன்.

"அண்ணி, பதினாறு ஆம்பியர்னு அதுலயே எழுதியிருக்கு பாருங்க. நம்ம லோடு பதினாலு கூட வராது."

"அது இஸ்திரிப்பெட்டிக்குச் சொன்னது. இது சோக் வச்ச வெளக்கு. போட்ட அந்த நொடி பல மடங்கு இழுக்கும். உள்ள போட்டு அணைக்கிற ரிலே சுண்டைக்கா அளவுதான். ஒட்டிக்கிச்சின்னா அணையவே அணையாது."

வயர்மேன் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வயர்மேனைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"அங்க பண்ணையிலயும் டைமர்தான் வச்சிருந்தாங்க," என்றார் என் கணவர்.

"டைமருக்குப் பின்னாடி என்ன வச்சிருந்தாங்கன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அங்கே அவர் வேலை இலை பறிப்பது. சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறப்பது வேறு யாரோ ஒருவருடைய வேலை.

மூன்றே வாரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். அறைக் கதவின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். டைமரின் திரையில் 'ஆஃப்' என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, விளக்குகள் நான்கும் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன. தொட்டால் டைமர் கொதிக்கிறது. பிடுங்கித் திறந்து பார்த்தேன். ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுத்திருந்தது. அதை அப்படியே ஒரு தட்டில் வைத்து, டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரின் இட்லிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதான் ஒட்டிக்கிறதுங்கறது," என்றேன். சின்னத்தனம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தேவையாக இருந்தது.

அதற்குப் பிறகு கையாலேயே பிளக்கைப் பிடுங்குவது, செருகுவது என்று ஆனது. அவர் ஒரு நாள் மறந்தார், நான் ஒரு நாள் மறந்தேன். வெளிச்சக் கணக்கு தப்பி, அந்த முதல் பயிர் இலை விடாமல் நெட்டையாகத் தண்டு விட்டுக் கசந்து போனது. ஆடு தின்றது. மாமனாரின் கேள்விக்கு அந்த வகையில் பதில் கிடைத்தது.

அதன் பிறகுதான், "சரி, நீயே செஞ்சிடு" என்று வந்தது. கெஞ்சலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சாமான் வாங்கத் தஞ்சாவூருக்கு நானே போனேன். கடைக்காரர் என் சீட்டைப் படித்துவிட்டு, "எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்கம்மா, அவர்ட்ட கேட்டுக்கிறேன்" என்றார். நான்தான் எலக்ட்ரீஷியன் என்றேன். "இல்லம்மா, வேலை செய்யறவர்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடையின் மெயினையே அணைத்துவிட்டு வந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்துப் போடச் சொல்லி, புரட்டிப் பார்த்து வாங்கினேன்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டைமரை விளக்கின் பாரத்தைச் சுமக்கச் சொன்னதுதான் தப்பு. அதற்கு நேரம் பார்க்க மட்டுமே தெரியும். பாரத்தைச் சுமக்கக் கான்டாக்டர் என்று ஒன்று இருக்கிறது. கை அகல ரிலே என்று வைத்துக்கொள்ளலாம். டைமர் ஐந்து மணிக்கு அதற்குள் இருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளுக்குக் கொஞ்சம் கரண்டு கொடுக்கும். காயில் காந்தமாகி ஒரு பாலத்தை உள்ளே இழுக்கும், விளக்குகளுக்குப் போகிற கனத்த வயர்கள் சேர்ந்துகொள்ளும். ஒன்பது மணிக்கு டைமர் விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாலத்தை வெளியே தள்ளிவிடும், விளக்கு அணையும். மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, பாரம் மீறினால் தானே விழுகிற எம்சிபி ஒன்று தனியாகப் போட்டு, நான்கு விளக்கின் தகரக் குடைக்கும் எர்த் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, மாடிப்படி முடிகிற இடத்தில் சுவரில் மாட்டி, மூடியை நான்கு திருகால் முடுக்கினேன். சாயந்தரம் ஐந்து மணிக்கு டக்கென்று ஒரு சத்தம். பட்டறையை விட்ட பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் படியேறி வந்து, மூடி போடுவதற்கு முன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தார்.

"அட, நம்ம மோட்டார் பொட்டி!" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நான்கு மாதமாக இந்த வீட்டில் நடப்பதில் அவருக்குப் புரிந்த முதல் சாமான் அதுதான்.

"அதே ஜாதிதான் மாமா," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அவருடைய மோட்டார் பெட்டியின் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். வயல்கொட்டகையில் அதற்குக் கதவே கிடையாது. ஒருமுறை கரண்டு போய்விட்டால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். கரண்டு திரும்ப வந்தாலும் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். விழ வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் பொத்தானுக்காக வரப்பில் ஓடுவதில்லை. கான்டாக்டரின் பாலத்தை உள்ளே அழுத்தி, அதன்மேல் ஒரு மூங்கில் சிம்பைச் சொருகி, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகக் கட்டிவிடுவார்கள். அப்புறம் கரண்டு எப்போது வந்தாலும் மோட்டார் தானே ஓடும். மோட்டாருக்கு ஆபத்து என்றால் விழவைக்கிற ரிலேவும் அந்தச் சிம்புக்கு முன்னால் செத்ததற்குச் சமம். இரண்டு தடவை மோட்டார் காயில் கருகியிருக்கிறது. இரண்டு தடவையும் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

"ஒவ்வொரு வாட்டியும் நான் ஓட முடியுமாம்மா?" என்பார். மூன்று கொட்டகை தள்ளியிருக்கும் விவசாயியும் அதையேதான் சொல்வார்.

அதேபோல் இன்னொன்றும் இருந்தது. சோடியம் விளக்கு சூடாக எரிந்துகொண்டிருக்கும்போது கரண்டு ஒரு நொடி போய் வந்தால்கூட அணைந்துவிடும். கரண்டு வந்தாலும் உடனே பற்றாது. ஆறுவதற்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, பிறகு தானாகவே எரியும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. இதை என் கணவரிடம் சொன்னேன், மகளிடம்கூடச் சொன்னேன். மாமனாரிடம் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன். அந்த வயர்மேனும் கடைக்காரரும் என்னைப் பற்றி நினைத்ததும் இதைத்தானே. எழுதும்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது பயிர் ஜம்மென்று வந்தது. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் வெள்ளை டேப் ஒட்டி, விதைத்த தேதியையும் அறுவடைத் தேதியையும் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் இலைகள் தட்டை மறைத்துவிட்டன. மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவைக்கு எல்லோரும் வயலில் இறங்கியிருந்த சமயம். நாங்கள் இரண்டு பேரும் நான்கைந்து கொத்துகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு காலை ஆறரை மணி பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடச் சொல்லி மாமனாரை வீட்டில் விட்டுப் போனோம்.

ஓட்டல் சமையல்கட்டில் பெரிய சமையல்காரர் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"குடவாசல் பக்கங்க," என்றார் என் கணவர்.

"குடவாசல்லயா! வெள்ளிக்கிழமை கொண்டாங்க. வாரா வாரம் கொண்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். கீழ் அறையையும் எடுத்துக்கொள்ளலாமா, மகளுக்கு இலை பிடிக்குமா, பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய் எத்தனை வருஷம் ஆயிற்று. போகமாட்டேன் என்று மட்டும் வாயால் சொல்லவில்லை. சொல்லட்டும், சொல்லட்டும் என்று கும்பகோணம் வரை காத்திருந்தேன். அப்புறம் வீடு வரை காத்திருந்தேன். சில மனுஷர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவே வராது போலிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நான்கு. படிக்கட்டின் கீழேயே வாடை அடித்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடையும் கீரையை வேக வைக்கிற வாடையும் சேர்ந்திருந்தது. அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார். நான் மேலே போகாமல், முதலில் மீட்டர் பெட்டியில் மெயினை அணைத்தேன். மேலேயிருந்து அவர் குரல் கேட்டது.

"எல்லாம் போச்சு! வெளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு! ஏசி நின்னுருக்கு! வெந்து போச்சுடி எல்லாம்!"

ஏறிப் போனேன். ஆனி வெயில் மேல்தளத்தில், விளக்குகள் நான்கும் உள்ளே, ஏசி இல்லை, ஜன்னல் இல்லை. காலையிலிருந்து ஏழு மணி நேரம் அறை அடுப்பாக இருந்திருக்கிறது. இலைகள் துவண்டு தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தன. தட்டில் இருந்த தண்ணீர் கை வைக்க முடியாத சூடு.

"உன் பெட்டிதான்," என்றார் அவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த டைமராவது மூணு வாரம் ஓடுச்சு. நீ பெரிசா பண்றேன் பண்றேன்னு பண்ணி, என்ன ஆச்சு பாரு. நான் பேசாம டிக்கெட்டையே போட்டிருக்கணும்."

என் கையில் ஒரு தட்டு இருந்திருந்தால் இந்த முறை பக்கத்தில் வைத்திருக்க மாட்டேன், தலையில் கவிழ்த்திருப்பேன். விறுவிறுவென்று வெளியே வந்து என் பெட்டியைப் பார்த்தேன்.

மூடி கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு திருகுகளும் காபி டபராவில் பத்திரமாகப் போடப்பட்டிருந்தன. கான்டாக்டரின் பாலத்தின் மேல் ஒரு மூங்கில் சிம்பு. அதைச் சுற்றி, கிழித்த சைக்கிள் டியூப் இரண்டு சுற்று. ஒரு பக்கம் சரியாக அழுந்தாமல், அந்த முனை பொறி பறந்து கருகியிருந்தது. சிம்பின் நுனியும் கரியாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பற்றியிருக்கும்.

யார் என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. வயல்கொட்டகையில் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே கட்டு.

அப்போதுதான் மாமனார் முழங்கால் வரை சேற்றோடு படியேறி வந்தார். எங்கள் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மாமா, இது நீங்களா?" என்று சிம்பைக் காட்டினேன்.

"ஆமாம்மா. நான்தான் வச்சேன்." மறைக்கவே இல்லை. "காத்தால எட்டு மணி இருக்கும். கரண்டு பட்டுனு போச்சு, ஒடனே வந்துட்டு. கீழ ஃபேன் ஓடுது, மேல பார்த்தா வெளக்கு வரல. நானும் நின்னு நின்னு பார்த்தேன். ஸ்டார்ட்டர் விழுந்துட்டுப் போலன்னு அமுக்கி வச்சேன். அமுக்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பளிச்சுனு வந்துட்டு. அப்பறம்தான் வயலுக்குப் போனேன்."

அமுக்காவிட்டாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அது வந்திருக்கும். இவர் கைங்கரியத்தால், ஒன்பது மணிக்கு டைமர் விட்டபோது பாலத்தால் வெளியே வர முடியவில்லை. ஏசி மட்டும் நேரத்துக்கு நின்றுவிட்டது.

"கரண்டு இருக்கும்போதேவா கையை விட்டீங்க? விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தா என்னாயிருக்கும்? உசிரு போயிருக்கும் மாமா! நாங்க வந்து உங்களைத்தான் பார்த்திருப்போம், பயிரையில்ல!" கத்திவிட்டேன். மாமனாரிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாகப் பயிர் பார்த்தவருக்கு, செத்தது எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"அணைஞ்சா பயிரு கெட்டுடும்னு நெனச்சேன்மா," என்றார். "பயிரு கெட்டுட்டுன்னா தம்பி ப்ளேன் ஏறிடுவான்ல."

அறைக்குள் தட்டை நகர்த்துகிற சத்தம் நின்றது. என் கணவர் அங்கேயே நின்றார். எனக்குத் தெரிந்து, போகாதே என்று இந்த மனுஷர் மகனிடம் ஒருமுறை கூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு லீவு முடிவிலும் பெட்டியைத் தூக்கி வேனில் வைப்பார், 'பார்த்துப் போ' என்பார், வயலுக்குப் போய்விடுவார். அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. இந்த இரண்டு பேர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கான்டாக்டரே கருக வேண்டியிருந்தது.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று முகத்தையும் பார்த்துவிட்டு, பையை வைத்து, தானாகவே வீட்டுப்பாடம் எழுதினாள். வெந்த இலையை என் கணவரே சாக்கில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார். இதை ஆடுகூடத் தொடவில்லை. ஓட்டலுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வர முடியாது என்று சொல்லியிருக்கிறார். எப்போது வரும் என்று அவர்கள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆடி ஒன்றுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. விதை போட்டால் நாற்பது நாள். இது ஒன்றும் எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. கருகிய கான்டாக்டரைக் கழற்றி, வேறு வாங்கி வந்து மாட்டினேன். எதற்கு மாட்டுகிறோம் என்றே தெரியாமல் மாட்டினேன். மூங்கில் சிம்பைத் தூக்கியெறிய மனம் வராமல் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அடுப்படியில் இருந்தபோது மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"டேப்பும் பேனாவும் எங்க வச்சே?"

எடுத்துக்கொண்டு போனேன். தட்டுகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. ஸ்பான்ஜ் துண்டுகள் நனைத்து அடுக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றின் குழியிலும் ஒரு விதை. மாமனார் ஓர் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர்க்குச்சி முனையால் விதைகளைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"தேதி எழுது," என்றார் என் கணவர்.

இன்றைய தேதியை எழுதினேன். அடுத்ததை எழுதாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அறுவடைத் தேதி?" என்றேன்.

"நாப்பது நாள்தானே? எழுது."

எண்ணி எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அவர் குனிந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருஷம் காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான். 'இருக்கிறேன்' என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷருக்கு? எரிச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன தேதிம்மா எழுதினே?" என்றார் மாமனார்.

"பதினெட்டாம் பெருக்கு வருது மாமா."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆடி ஒன்று என்றைக்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தினம் தாள் கிழிப்பவர் அவர்தான். எண்ணி முடித்துவிட்டு, தெரிந்தும் தெரியாதவர் போல மறுபடியும் ஆரம்பத்திலிருந்து எண்ணினார். இரண்டாவது தடவையும் ஆடி ஒன்றைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஈர்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பொட்டிக்கு ஒரு பூட்டு போட்டுரும்மா," என்றார். "வெளக்கு அணைஞ்சா எனக்குக் கை சும்மா இருக்காது."

அன்றைக்கே பூட்டு வாங்கினேன். சாவி என் தாலிச் சரட்டில் இருக்கிறது.